‘இறால் சேராதும்மா’ என்று சொன்னேன்

பதினாறு வருடம் நான் ஸ்பெயின் நாட்டுச் சாப்பாடு பரிமாறியிருக்கிறேன். அதில் மீன், கறி, முட்டை பட்ட எதையும் ஒரு பருக்கைகூட வாயில் வைத்ததில்லை. நாங்கள் திருநெல்வேலிச் சைவம். அப்பா கிர்க்கியில் ராணுவத் தொழிற்சாலைக்கு ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். நான் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். வெளியே இந்தியும் மராத்தியும் பேசி ஆளே மாறிப் போனாலும் வயிறு மட்டும் மாறவில்லை.

போன மாதம் சச்சின் போன் செய்தான். எனக்குக் கீழே வெயிட்டராக இருந்தவன், இப்போது பாணேர் பக்கம் ஒரு பெரிய உணவகத்துக்கு மேனேஜர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

“இப்பல்லாம் கஸ்டமர் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்றதில்லை சார்,” என்று இந்தியில் புலம்பினான். “சிரிச்சுக்கிட்டே பில்லைக் கட்டிட்டுப் போறான். வீட்டுக்குப் போய் போன்ல ஒத்தை நட்சத்திரம் போட்டு எழுதறான். உங்க காலத்துல மூஞ்சிக்கு நேரா திட்டுவாங்களே, அதையெல்லாம் எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க.”

போனேன், அரை மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர. அதைச் சொல்லலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன், அங்கே நின்றபோது நாக்கு எழவில்லை. பேச முடியாததை எழுதவாவது முடிகிறதா என்று பார்க்கிறேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டரிங் படிப்பில் ஒரு வருடத்தைப் பாதியில் விட்டேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு தென்னிந்திய ஓட்டலில் ஆறு வருடம் தட்டு தூக்கினேன். தொண்ணூறுகளின் நடுவில் கோரேகாவ் பார்க்கில் ஒரு ஸ்பானிஷ் உணவகம் திறக்கப் போகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி மல்ஹோத்ரா என்ற பஞ்சாபிக்காரர். கசார்வாடியில் வண்டிகளுக்கு ஒர்க்‌ஷாப் வைத்துச் சம்பாதித்தவர். மனைவியோடு ஒரு முறை ஸ்பெயினுக்குச் சுற்றுலா போய்வந்தார். திரும்பி வந்ததும் உணவகம் திறந்துவிட்டார்.

என்னை வேலைக்கு எடுத்தவர் மேனேஜர் பெரேரா. கோவாக்காரர். இருபது வருடம் கப்பலில் பயணிகளுக்குப் பரிமாறியவர். நான் சைவம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “சாப்பிடாத சாப்பாட்டை எப்படி விற்பாய்?” என்று கேட்டார். “ருசி எப்படி இருக்கும்னு நீங்க சொல்லுங்க சார், நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்,” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விளையாட்டாகச் சொன்னது வேலையாகவே ஆகிவிட்டது. கடை திறப்பதற்கு முன்னால் அவர் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுச் சொல்வார். கணவாய் மீனை மென்றால் இப்படி இருக்கும், பன்றித் தொடைக்கு இப்படி ஒரு உப்பு, பூண்டு முதலில் தெரியாது, பிறகு வரும் என்று. நான் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்வேன். வாடிக்கையாளர் “இது எப்படி இருக்கும்?” என்று கேட்டால் கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, நேற்று ராத்திரிதான் சாப்பிட்டவன் போல ஒப்பிப்பேன். “ஸ்பெயினில் இருந்திருக்கிறீர்களா?” என்று ஒரு அம்மாள் கேட்டிருக்கிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயால்தான் பிழைத்தேன், மூன்றாவது வருடமே கேப்டன் ஆனேன். கேப்டன் என்றால் கப்பலுக்கு இல்லை, ஆர்டர் எடுக்கிறவன், பத்து மேஜைக்குப் பொறுப்பு.

உணவகம் எப்போதும் நிரம்பி வழிந்தது. ஏமாற்றமும் அதே அளவு வழிந்தது. ஸ்பெயினில் சின்னச் சின்னத் தட்டில்தான் கொடுப்பார்கள். ஒரு குஜராத்திக் குடும்பம் எட்டுப் பேராக வந்து, ஆலிவ் காயையும் உருளைக்கிழங்கையும் ஆளுக்கு இரண்டாகப் பகிர்ந்து தின்றுவிட்டு, “சாம்பிள் நன்றாக இருக்கிறது, இனி சாப்பாட்டைக் கொண்டு வாருங்கள்,” என்றார்கள். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், குளிரக் குளிரக் கொடுக்கும் தக்காளி சூப்பை ஆறிப்போனதென்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை பெரேரா சார் அதைக் கொதிக்க வைத்தே கொடுக்கச் சொன்னார். கர்னலுக்குப் பரம திருப்தி. என் கணக்கில் அது எங்கள் வீட்டு ரசத்துக்குக் கொஞ்சம் கீழே.

புகார் வந்தால் நடந்துகொள்ள பெரேரா சாருக்கு ஒரு முறை இருந்தது. மேஜையில் குரல் உயர்ந்தால் ஓடக்கூடாது, நடக்க வேண்டும். ஓடினால் மற்ற மேஜைகளும் திரும்பிப் பார்க்கும். உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிராதபடி கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு கையும் முன்னால் தெரிய வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை தட்டைத் தொடக்கூடாது, தொட்டால் சாட்சியைப் பிடுங்குவதாக அவருக்குத் தோன்றும். முடித்ததும் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். உப்புக் கரிக்கிறது என்றால் உப்புக் கரிக்கிறது, அவ்வளவுதான். நாம் பூசி மெழுகக்கூடாது. பிறகு தட்டை மூடாமல் நாமே கிச்சனுக்கு எடுத்துப் போக வேண்டும். இத்தனையையும் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது குரலை உயர்த்தாமல். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். காதோடு வந்து முணுமுணுத்தார் என்றால் முதுகு வேர்த்துவிடும்.

கிச்சனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அன்று நடந்தது புரியாது. புனேயில் மார்வாடி, ஜைனர், குஜராத்தி வாடிக்கையாளர் அதிகம். உள்ளே நுழையும்போதே சுத்த சைவம் உண்டா என்றுதான் கேட்பார்கள். அதனால் கிச்சனின் இடப்பக்கம் முழுக்கச் சைவம். அடுப்பு வேறு, கரண்டி வேறு, எண்ணெய் வேறு, தரை துடைக்கிற துணிகூட வேறு. சைவ ஆர்டருக்குப் பச்சைச் சீட்டு, மற்றதற்குச் சிவப்புச் சீட்டு. பச்சைப் பக்கத்துக்கு நான்தான் காவல். ஒருமுறை சிவப்புப் பக்கத்துக் கரண்டி ஒன்று பச்சைப் பானைக்குள் போய்விட்டது. பானை முழுவதையும் சாக்கடையில் கொட்ட வைத்தேன். முதலாளி குதித்தார், பெரேரா சார் என் பக்கம் நின்றார். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. என் மேஜையில் உட்காரும் சைவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம்.

சிவப்புப் பக்கம் எட்டடி நடந்தால் வந்துவிடும். நான் போகமாட்டேன். காலையில் அங்கே இறால் தலைகளை வேகவைப்பார்கள். அந்த வாடை எனக்குக் குடலைப் புரட்டும். அந்தப் பக்கத்துத் தட்டு எடுக்கிற மேடைக்கு இந்தப் பக்கமே நின்று சிவப்புச் சீட்டை ஆணியில் குத்திவிட்டு வந்துவிடுவேன். அந்தப் பக்கத்துச் சமையல் பாபுராவ், ஏரவாடாக்காரர், என் வயதுதான். சீட்டில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

எங்கள் உணவகத்தின் பேர்போன பண்டம் பயேலா. அகலமான இரும்புத் தட்டில் செய்கிற சோறு, நம் பிரியாணிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்த பிறகு அரிசியைப் போட்டு முறையாகச் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் அதுவரை காத்திருப்பார்கள்? ஏற்கெனவே வாசலில் ஒரு மணி நேரம் நின்றவர்கள். கல்யாணப் பந்தியில் இலைக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் வந்தே நின்றுவிடுவார்கள். முதலாளி ஒர்க்‌ஷாப் மூளையைக் கொண்டுவந்தார். “வண்டி வந்த அப்புறமா நட்டு செய்யறோம்? ரெடியா வெச்சிருக்கோம்ல?” என்றார். அன்றிலிருந்து ஞாயிறு காலை பதினோரு மணிக்கே சோற்றை அரைவேக்காடாக வேகவைத்து எடுத்து வைத்துவிடுவார்கள். பச்சைப் பக்கம் ஒரு பாத்திரம், சிவப்புப் பக்கம் ஒரு பாத்திரம். ஆர்டர் வந்ததும் தட்டில் தட்டி, மேலே வேண்டியதைப் போட்டு, பன்னிரண்டு நிமிடத்தில் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். சோறு குழையும், அடியில் மொறுமொறுப்பு இருக்காது. வெளிநாட்டில் சாப்பிட்டவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நான் புகாரைக் கேட்டுக்கொண்டு கையை முன்னால் வைத்து நின்றேன்.

அது மழைக்காலத்து ஞாயிறு. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. அந்த நாட்களில் பாதிப் புனே கடக்வாஸ்லா அணை நிரம்பியதைப் பார்க்கப் போகும், இரண்டு மணிக்கு நனைந்து பசியோடு திரும்பும். அந்தக் கூட்டம் மொத்தமும் அன்று எங்கள் வாசலில் நின்றது. ஐம்பது நிமிடம் காத்திருந்து என் ஐந்தாம் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள் ஒரு சின்ன வயசுத் தம்பதி. என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

“சங்கரலிங்கமா? அண்ணா, நீங்க தமிழுங்களா?”

கோயம்புத்தூர்க்காரர்கள். அவர் பெயர் செந்தில், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் பெயர் கவிதா. புனேக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறதாம். வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் தமிழ் பேசியே பல வாரம் ஆயிற்றாம். வாசலில் நின்ற எரிச்சலெல்லாம் போய் இருவரும் சிரித்துப் பேசினார்கள். எனக்கும் மனசு குளிர்ந்தது. பின்னால் ஒன்பதாம் மேஜைக்காரர் கையைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, எனக்கு எறா ஆகாதுங்க,” என்றாள் கவிதா. “துளி பட்டாலும் மூச்சு அடைச்சுக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி ஒருவாட்டி ஆஸ்பத்திரில சேத்தி ஊசி போட்டுத்தான் காப்பாத்துனாங்க. மத்தபடி கோழி, ஆடு எல்லாம் சாப்பிடுவேன். இந்த சிக்கன் பயேலால எறா எதும் சேராதுங்களா?”

“இறால் சேராதும்மா,” என்றேன்.

செந்தில் கொஞ்சம் தயங்கினார். “எதுக்கும் உள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றீங்களாங்க?”

“கேக்கவே வேண்டாம் தம்பி. எட்டு வருஷமா இங்கதான் இருக்கேன். நான் பாத்துக்கிடுதேன், நீங்க நிம்மதியா உக்காருங்க.”

சிவப்புச் சீட்டில் சிக்கன் பயேலா ஒன்று என்று எழுதி, பக்கத்தில் ‘இறால் வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மேடைக்கு இந்தப் பக்கம் நின்றே குத்தினேன். பாபுராவ் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான் ஒன்பதாம் மேஜைக்குப் போனேன்.

இதில் என்ன வேடிக்கை என்றால், ஒரு ஜைனர் வந்து வெங்காயம், பூண்டு, கிழங்கு வேண்டாம் என்றால் நான் அடுப்புப் பக்கத்திலேயே நின்று செய்து வாங்கி வருவேன். அது விரதம், அது தெய்வ காரியம். கோழி சாப்பிடுகிறவள் இறால் வேண்டாம் என்றால் என் மனசுக்கு அது வெறும் விருப்பம். எங்கள் கிச்சனில் உலகமே பச்சை, சிவப்பு என்று இரண்டாகத்தான் பிரிந்திருந்தது. நடுவில் நிற்கிற ஒருத்தியை எங்கே வைப்பதென்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அவள் மூச்சு அடைக்கும் என்று நல்ல தமிழில் சொல்லியிருந்தாள். என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

பன்னிரண்டு நிமிடத்தில் தட்டு வந்தது. அவள் நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பாள். நான் பெருமையாகப் பக்கத்தில் போய் நின்று, எப்படி இருக்கிறதென்று கேட்டேன். நன்றாக இருக்கிறதென்று சொல்ல வந்தவள் இருமினாள். மறுபடி இருமினாள். தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

புரை ஏறிவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் செய்வதுபோல் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டி, “ஊர்ல யாரோ நினைக்காங்க போல,” என்றேன். செந்திலும் சிரித்தார். “எங்கம்மாவாத்தான் இருக்கும்,” என்றார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தாள். ஒன்பதாம் மேஜையிலிருந்து “கேப்டன்!” என்று சத்தம் வந்தது. இதோ வந்துவிட்டேன் அம்மா என்று சொல்லி நான் அந்தப் பக்கம் திரும்பினேன். அங்கே ரொட்டி வரவில்லை என்று புகார். கையை முன்னால் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன். மூன்று நிமிடம் இருக்கும். அந்த மூன்று நிமிடத்தை இன்றுவரை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பெரேரா சார் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கதவருகே நின்றவர் ஐந்தாம் மேஜையைப் பார்த்து நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினார். நான் திரும்பியபோது கவிதாவின் உதடு இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவப்பு. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். செந்தில் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“என்ன சாப்பிட்டாள்? இறாலா?” பெரேரா சார் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு தாழ்ந்த குரல்.

“இல்லை சார், சிக்கன்தான். வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன்.”

“எந்தச் சோறு?”

கிச்சனுக்குள் போனேன். முதல் முறையாக மேடையைத் தாண்டினேன். பாபுராவ் சீட்டைக் காட்டினார். “இறால் போடவே இல்லை சாப். வேண்டாம்னு எழுதியிருந்ததே,” என்றார். அவருக்குப் பின்னால் பெரிய பாத்திரத்தில் அரைவேக்காட்டுச் சோறு. அதற்குப் பக்கத்துப் பானையில் சிவந்த தண்ணீரில் இறால் தலைகள் மிதந்தன. அந்தத் தண்ணீரில்தான் சிவப்புப் பக்கத்துச் சோறு முழுவதும் காலையில் வெந்தது. மீன் பயேலா, கோழிப் பயேலா எல்லாவற்றுக்கும் அதே சோறு. எட்டு வருடம் ‘இறால் தலையின் சாறு இறங்கிய சோறு, அதுதான் இதன் உயிர்’ என்று மீன் பயேலாவுக்கு நான் ஒப்பித்திருக்கிறேன். கோழிக்கும் அதே சோறுதான் போகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எட்டடி நடந்திருந்தால் போதும்.

முதலாளியின் கார் வாசலில் நின்றது. பெரேரா சார் டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்கித் தானே ஓட்டினார். நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். மழையில் வண்டிகள் பாலத்துக்கு இந்தப் பக்கமே கட்டி நின்றன. பெரேரா சார் ஹாரனில் கையை வைத்தபடி எதிர்ப்பக்கம் ஏறினார். எதிரே வந்த பஸ்காரன் மராத்தியில் எங்கள் ஏழு தலைமுறையைத் திட்டினான். பின்னால் அந்த விசில் சத்தம் மெல்லிசாகிக்கொண்டே வந்தது. மெல்லிசாவது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதோ வந்துட்டோம்மா, ஒண்ணும் ஆகாது,” என்றேன். அதுவும் எனக்குத் தெரியாத விஷயம்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் கேட்ட கேள்வி, என்ன சாப்பிட்டார் என்பது. செந்தில் சிக்கன் என்றார். நான் இறால் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது, அவரும் கூடவே ஓடினார்.

வெளியே பெஞ்சில் நானும் பெரேரா சாரும் உட்கார்ந்தோம். என் சட்டையில் அவள் குடித்த தண்ணீர் சிந்திய ஈரம் இருந்தது. கடவுளே கடவுளே என்பதைத் தவிர வேறு ஒன்றும் ஓடவில்லை. அப்போது என் போன் அடித்தது, முதலாளி.

“சங்கர், அந்தப் பொண்ணு உன்கிட்ட ஒண்ணும் சொல்லலைதானே? சொல்லலைன்னுதான் சொல்லணும். பாபுராவ் தட்டை ஒழுங்காக் கழுவலை, அவனை இன்னிக்கே அனுப்பிடறேன். வீட்டுக்காரர்கிட்டே நீயே உங்க பாஷையில பேசிச் சமாளி. போலீஸ், பேப்பர்னு போகக்கூடாது.”

போனை வைத்தேன். பெரேரா சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “அந்த மேஜையில் நான் இல்லை, சங்கர். நீதான் இருந்தாய்,” என்றார். குரல் அடியில் கிடந்தது. ஒரு வழி காட்டியிருக்கலாமே என்று அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

டாக்டர் வந்தார். தொடையில் ஊசி போட்டதும் மூச்சு திரும்பிவிட்டது, ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல் போய்விட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அப்புறம் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாபுராவின் வேலை போகவில்லை. முதலாளியிடம் மறுநாள் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேப்டன் வேலை பறிபோய் ஒரு வருடம் மறுபடி தட்டு தூக்கினேன். சிவப்புச் சோற்றுக்கு இறால் தண்ணீர் ஊற்றுவது நின்றது, மீன் பயேலாவுக்கு மட்டும் தனியாக ஊற்றினார்கள். அதனால் இன்னும் இருபது நிமிடம் கூடுதலாக ஆயிற்று, புகாரும் கூடிற்று. பெரேரா சார் ஓய்வு பெறும்வரை என்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை. இதெல்லாம் வேலைக் கதை. என் தொண்டையில் நிற்பது அன்று சாயங்காலம் நடந்தது.

ஆறு மணிக்கு அறைக்குள் போக விட்டார்கள். கவிதா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. கையில் டிரிப்ஸ். செந்தில் எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

“அந்தச் சமையல்காரன் பேரு என்னங்க?” என்றார். “சொல்லுங்க. நான் அவனைச் சும்மா விடப் போறதில்லை.”

வெளியே பெஞ்சில் இருந்தபோதே இதற்குப் பதில் தயாராக இருந்தது. பாபுராவ் என்று ஒரு பெயரைச் சொன்னால் போதும். முதலாளிக்கு அதுதான் வேண்டும், இவருக்கும் அதுதான் வேண்டும். பாபுராவ் ஏரவாடாவில் எந்தச் சந்தில் இருக்கிறார் என்றுகூட இவருக்குத் தெரியப் போவதில்லை.

“அவர் மேல தப்பில்லை தம்பி,” என்றேன். “நான் எழுதிக் கொடுத்ததை அவர் செஞ்சாரு. மூச்சு அடைக்கும்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்லை. அந்தச் சோறு எதுல வேகுதுன்னு எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போறதில்லை. நான் கறி மீன் சாப்பிடுற ஆளு இல்லை, அந்தச் சாப்பாட்டை ஒரு நாள்கூட வாயில வச்சதில்லை.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்தது. “உள்ள போய்க் கேளுங்கன்னு நான் சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

அவர் கை முஷ்டியாக மடங்கியது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். எவ்வளவோ பேர் திட்டி வாங்கிய உடம்பு, இதையும் வாங்கினால் கொஞ்சம் பாரம் குறையும் என்றுகூடத் தோன்றியது.

கட்டிலிலிருந்து கவிதா கூப்பிட்டாள். குரல் உடைந்து கரகரத்தது.

“ஏனுங்ண்ணா,” என்றாள். “தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமுல்லீங்க? நான் ரெண்டு ரொட்டியத் தின்னுட்டு எந்திரிச்சிருப்பனே. இந்த ஊர்ல நம்ம பாஷைல ஒருத்தரு சொல்றாரேன்னு நம்பித்தானுங்க சாப்பிட்டேன்.”

திட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டாள், பதில் வேண்டும் என்பதுபோல் என் முகத்தையே பார்த்தாள்.